அறுபதுக்கு ஒன்று

எங்கள் பக்கம் மலை கிடையாது. அம்பத்தூர்ப் பிள்ளைகளிடம் மலை என்றால் ரயில்வே மேம்பாலத்தைத்தான் காட்டுவார்கள். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற எனக்கு ஒவ்வொரு வருடமும் சாய்வுப் பாடம் வரும்போது இதே தலைவலி. எது ரொம்பச் செங்குத்து என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து, “பாலம் மிஸ்!” என்று கத்தும். ஏன் என்றால், “அதுதான் மிஸ் உயரம்.” உயரம் வேறு, செங்குத்து வேறுடி என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லுவேன். எவ்வளவு ஏறினோம், அதற்காக எவ்வளவு தூரம் போனோம், ரெண்டையும் பாருங்கள். ஏறினதைப் போனதால் வகுங்கள். அவ்வளவுதான் சாய்வு. தலையை ஆட்டுவார்கள். மறுநாள் கேட்டால் மறுபடியும் பாலம்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். போன வருடம், சரி, அளந்தே காட்டிவிடுகிறேன் என்று கிளம்பினேன். ஒரு மீட்டர் பலகை ஒன்று, என் வீட்டுக்காரரின் ரசமட்டம் ஒன்று. ரசமட்டம் என்பது கொத்தனார்கள் வைத்துப் பார்ப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழ் நடுவில் வந்து நின்றால் மட்டம் என்று, அதுதான். பலகையின் ஒரு நுனியை மேட்டுப் பக்கம் தரையில் வைத்து, மறுநுனியைக் குமிழ் நடுவில் வரும்வரை தூக்கி, அடியில் எவ்வளவு இடைவெளி என்று ஸ்கேலால் பார்ப்பது. பாலத்தின் நடைபாதையில் குந்தி உட்கார்ந்து நான் அளந்தபோது ஒரு ஆட்டோக்காரர் வண்டியை மெதுவாக்கி, “இன்னா மேடம், பாலம் வுய்ந்துடுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பாலத்தில் ஒரு மீட்டருக்கு மூன்றேகால் சென்டிமீட்டர் சொச்சம். முப்பது அடி போனால் ஒரு அடி ஏற்றம். ஏரிக்கரையில் அரை மீட்டர் இடைவெளி; ரெண்டுக்கு ஒன்று. கடைசியாக எங்கள் வீட்டு வாசல் சரிவை அளந்தேன். அதுவும் ரெண்டுக்கு ஒன்று. ஆளுயரம்கூட இல்லாத எங்கள் வாசலும் ஏரிக்கரையும் ஒரே செங்குத்து, பாலம் அதற்குப் பக்கத்தில்கூட வராது என்று கரும்பலகையில் எழுதியபோது பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்கு உள்ளே அளக்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரம்தான் சத்தம் ஆரம்பித்தது.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே கொட்டுவார்கள். ரோடு ஏற ஏற வீடு பள்ளமாகி, மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்க எங்கள் கூடத்தில்தான் இருக்கும். அதனால் சில வருடங்களுக்கு முன்னால் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கினோம். எல்லோரும் செய்கிறதுதான். தூக்கின பிறகு வீடு மேலே, ரோடு கீழே. நடுவில் அந்தக் கொடூரமான வாசல் சரிவு. என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வீல்சேரில் உட்கார்ந்த பிறகு, அந்தச் சரிவில் அவரை இறக்க ரெண்டு ஆம்பிளைகள் வேண்டும். பிசியோதெரபிக்குத் தவிர அவர் வெளியே போனதே இல்லை.

முப்பது வருடம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்தவர். வலது கையும் வலது காலும் போயிற்று. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு வார்த்தை தங்கியது. “ஆமா.” சாப்பிட்டீர்களா, ஆமா. வலிக்கிறதா, ஆமா. நான் யார் சொல்லுங்கள், ஆமா. முதல் மாதம் அழுதேன். அப்புறம் பழகிவிட்டது.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வேப்பம்பட்டிலிருந்து ஒரு பெண் ரயிலில் வருவாள். முப்பத்தைந்து வயது இருக்கும், கெட்டிக்காரி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் இருக்க மாட்டாள். ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கேட்டருகிலேயே ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“டீச்சரம்மா, சாரு தானா போறாரு.”

“தானா போறதுன்னா?”

“பிரேக்கு போட்டுக்கினுதான் பாத்திரம் கய்வப் போனேன். பின்னாடி இருக்கசொல்ல டொங்குன்னு ஒரு சத்தம். ஓடியாந்து பாத்தா சாரு அங்க கீறாரு.”

அவள் கை காட்டிய இடம் போர்டிகோவின் மூலை. அங்கேதான் நிலத்துக்கடியில் தண்ணீர் சம்ப். தரையோடு தரையாக இரும்புத் தகடு மூடி, ஓரமெல்லாம் துருப்பிடித்துப் பொடிப்பொடியாக உதிரும். காலால் மிதித்தாலே உள்ளேயிருந்து டொங் என்று பதில் வரும். கூடத்தின் இந்தக் கோடியில், ஃபேனுக்குக் கீழே இருந்தவர், வாசலைத் தாண்டி அந்தக் கோடியில் தகட்டின் மேல் இருந்திருக்கிறார். வீல்சேருக்காக வாசற்படியை ஏற்கெனவே எடுத்திருந்தோம். எட்டடி ஆழம் சம்ப். நிறையத் தண்ணீர். தகடு உள்ளே போனால் கத்தக்கூட முடியாத மனுஷர்.

“நீ பிரேக் போட்டிருக்க மாட்டே.”

“ஏசப்பா மேல சத்தியமா போட்டேன்.”

வீல்சேரைக் கொண்டுபோய் கடையில் காட்டினேன். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது என்றான். ரெண்டு நாள் கழித்து மறுபடியும். அப்புறம் மறுபடியும். எப்போதும் மூன்று மணி வாக்கில்தான். தெருவில் ஈ காக்கை இருக்காது, வெயில் கேட்டுக் கம்பிகளின் நிழலைத் தரையில் கோடு போட்டு வைத்திருக்கும், அந்த நேரம். யாரும் பக்கத்தில் இல்லாதபோது மட்டும். அவள் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவாள். “சேரு சத்தமே போடாம போவுது டீச்சரம்மா. யாரோ முன்னால இருந்து இஸ்துக்கினு போற மாறி கீது.”

எதிர் வீட்டில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி காதுக்கு இது எட்டாமல் இருக்குமா? “இது ஏரில கட்ன ஊடும்மா,” என்றார், பெட்டியில் கரியை ஊதிக்கொண்டே. “தண்ணி அதோட எடத்த சொம்மா உடாது.” போய்யா உன் வேலையைப் பார்த்துக்கொண்டு என்று மனதுக்குள் திட்டினேன். ஆனால் அன்றைக்கு அந்தத் தகட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தேன். கறுப்புத் தண்ணீர், அதில் என் தலை. வேறு ஒன்றும் இல்லை. தகட்டை மூடும்போது ஓரத்தில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. அவருடைய மாத்திரைகள். கை தவறி விழுந்து, எங்கே தேடியும் கிடைக்காமல் போன நாலைந்து மாத்திரைகள், அந்த விளிம்பில் வரிசையாக ஒண்டிக்கொண்டிருந்தன. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

பேய் என்று நம்புகிற ஆள் இல்லை நான். அதனால் வேறு எதையாவது நம்ப வேண்டியிருந்தது. அவள்தான் தள்ளுகிறாள் என்று நம்ப ஆரம்பித்தேன். வேலை செய்ய இடைஞ்சல் என்று ஓரமாகத் தள்ளிவிட்டுப் போகிறாள், கேட்டால் கதை விடுகிறாள். இப்படி நினைத்ததும் பயம் போய்க் கோபம் வந்தது. கோபம் எவ்வளவோ மேல்.

ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சொல்லாமல் வந்தேன். கேட்டைத் திறந்தபோதே பார்த்துவிட்டேன். அவர் தகட்டின் மேல், தனியாக, வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு. பின்கட்டில் அவள் போனில் பேசிச் சிரிக்கிற சத்தம். அவ்வளவுதான், எனக்குக் கண்மண் தெரியவில்லை. அவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அவர் முன்னால் நிறுத்தினேன்.

“இவதானே உங்களைத் தள்ளினா?”

“ஆமா,” என்றார் அவர்.

“கேட்டியா?”

அவள் அழவில்லை. என்னை நேராகப் பார்த்தாள். “டீச்சரம்மா, அவரு எல்லாத்துக்கும் ஆமான்னுதான் சொல்லுவாரு. உயிரோட கீறியான்னு கேட்டாலும் ஆமா, செத்துட்டியான்னு கேட்டாலும் ஆமா. உங்களுக்குத் தெரியாதா?” தெரியும். நன்றாகவே தெரியும். தெரிந்துதான் கேட்டேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு வாரம் மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நானே வீட்டில் இருந்தேன். முதல் ரெண்டு நாள் அவரை விட்டு நகரவே இல்லை, ஒன்றும் நடக்கவில்லை. பார்த்தாயா, நான் சொன்னேனே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது நாள் மதியம் கரண்ட் போயிற்று. ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. அவருக்குக் குடிக்க மோர் கலக்கச் சமையலறைக்குப் போனேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் பத்தடிதான். மோரில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

டொங்.

கரண்டி கையிலேயே நின்றது. வீட்டில் நானும் அவரும் தவிர ஈ எறும்பு இல்லை. கேட் பூட்டியிருக்கிறது, சாவி என் இடுப்பில். கூடத்துக்கு வந்தேன். ஃபேனுக்குக் கீழே சேர் இருந்த இடம் காலி. தரையில் சக்கரம் போன தடம்கூட இல்லை. வெளியே போர்டிகோவில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அசையாமல் அவர். தகடு இன்னும் மெல்ல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. “ஐயோ, முருகா,” என்று வாய்விட்டுச் சொன்னேன். ஓடிப்போய் சேரைப் பிடித்து இழுத்தேன். இழுக்கும்போதுதான் கைக்குத் தெரிந்தது: கனக்கிறது. கூடத்துப் பக்கம் இழுக்கக் கனக்கிறது.

இருபது வருடமாகச் சாய்வு நடத்துகிறேன். அந்த நிமிஷம்வரை எனக்கு உறைக்கவில்லை.

அவரைக் கட்டிலோடு சேர்த்து நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, நான் மறந்துதான் போயிருக்கிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டு, பலகையையும் ரசமட்டத்தையும் எடுத்தேன். ஒரு மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் மேலே. ஃபேனடியிலிருந்து தகடுவரை டேப் பிடித்தேன்: நானூற்று எண்பது சென்டிமீட்டர். மொத்த இறக்கம், கொத்தனார் பாஷையில் வாட்டம், எட்டு. அறுபதுக்கு ஒன்று. மேம்பாலத்தில் பாதி. கண்ணுக்குத் தெரியவே தெரியாது, சக்கரத்துக்குத் தெரியும். உறுதி செய்துகொள்ளப் போர்டிகோச் சுவரோரம் செருப்பு ஸ்டாண்டை நகர்த்தினேன். அங்கே, தரைக்கு ஒரு சாண் மேலே, பென்சிலில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, “8 செ.மீ. வாட்டம்.” அவர் எழுத்து. இப்போது மடியில் மரக்கட்டையாகக் கிடக்கிற அந்த வலது கை எழுதினது.

எல்லாம் ஞாபகம் வந்தது. வீட்டைத் தூக்கின சமயம், ஸ்டாஃப் ரூமில் யாரோ சொன்னார்கள் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்: வாஸ்துப்படி வீட்டின் உட்பக்கம் மேடாக இருக்க வேண்டும், தண்ணீர் இருக்கிற மூலை பள்ளமாக இருக்க வேண்டும், அப்போதுதான் வீட்டில் ஆரோக்கியம். “கூடத்துல எதுக்குடி வாட்டம்? கூடமென்ன பாத்ரூமா?” என்று அவர் சிரித்தார். தரை என்றால் குமிழ் நடுவில் நிற்க வேண்டும் அவருக்கு. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று நாள் பேசவில்லை. “தொலையட்டும்” என்று ட்யூபில் தண்ணீர் நிரப்பி, தானே மட்டம் பிடித்து, தானே கோடு போட்டுக் கொடுத்தார். நல்ல ஆரோக்கியம். அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அம்மாவை அவரோடு உட்காரச் சொல்லிவிட்டு ரயிலேறி வேப்பம்பட்டுக்குப் போனேன். சர்ச் விட்டு அவள் வீட்டுக்கு வருகிறவரை வாசலில் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் இறுகிப் போயிற்று. என் தப்பு, நீ தள்ளவில்லை, தரை தள்ளியிருக்கிறது என்றேன். பலகை, குமிழ், அறுபதுக்கு ஒன்று எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

“கணக்கெல்லாம் கரெக்டுதான் டீச்சரம்மா. நா பிரேக்கு போட்டனே, அத்த யாரு எடுத்தா?”

“லூஸா இருந்திருக்கும்.”

“இன்னாமோ,” என்றாள். “மொதல்ல அந்தத் தரைய சரி பண்ணுங்க. அப்பால வரேன்.”

மேஸ்திரி வந்து நாலு நாள் வேலை செய்தார். பள்ளமான பக்கம் கலவை போட்டு ஏற்றி, புது டைல்ஸ் ஒட்டி, கேட் இடிக்கிறதென்று அதன் அடியை அறுத்து, சம்ப் மேல் துருத் தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு கருங்கல் பலகையை வைத்தார். யானையே நின்றாலும் தாங்கும். நான் எல்லா இடத்திலும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் குமிழ் நடுவில். அவருக்கும் காட்டினேன். “நீங்க கேட்ட மாதிரியே மட்டம், பாத்தீங்களா?” “ஆமா,” என்றார். அவளும் வேலைக்குத் திரும்பினாள். மூன்று மணி ஆயிற்று, நாலு மணி ஆயிற்று, ஒரு சத்தமும் இல்லை. இஸ்திரிக்காரரிடம் போய், “உங்க ஏரி அடங்கிடுச்சு அண்ணாச்சி,” என்று சொல்லிவிட்டுக்கூட வந்தேன்.

அப்படி ஒரு வாரம். சனிக்கிழமை எனக்கு லீவு. அவள் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் படுக்கையறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கதவு பாதி மூடியிருந்தது. மூன்று மணி இருக்கும். ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம்.

இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவருடைய இடது கை பிரேக் கம்பியின் மேல் இருந்தது. இந்தப் பக்கத்துப் பிரேக்கை எடுத்துவிட்டிருந்தார். பிறகு அந்தக் கை மடியைத் தாண்டி, உடம்பைத் திருப்பி, மூச்சு வாங்கி, தவறி, மறுபடியும் போய் அந்தப் பக்கத்துக் கம்பியைப் பிடித்தது. ‘டக்.’ கையை மடியில் வைத்துக்கொண்டார். முகத்தை வாசல் பக்கம் நிமிர்த்தினார். வெயில் அங்கே கோடு போட்டு வைத்திருந்தது. காத்திருந்தார்.

சேர் நகரவில்லை.

ரொம்ப நேரம் காத்திருந்தார். பிறகு குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். மறுபடியும் வாசலைப் பார்த்தார். நான் பேனாவை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். யாரும் தள்ளவில்லை, யாரும் இழுக்கவில்லை. தான் போட்ட வாட்டம் தனக்குத் தெரிந்து, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, பதினாறு அடி தூரம் அவராகவே போய்க்கொண்டிருந்தார். இந்த வீட்டில் அவராகச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அதை நான் கலவை போட்டு மூடிவிட்டேன்.

சத்தம் போடாமல் எழுந்துபோய் அவர் பின்னால் நின்றேன். கைப்பிடியில் ரெண்டு விரலை வைத்து, தெரியாத மாதிரி, மெல்லத் தள்ளினேன். சேர் ஒரு சாண் நகர்ந்தது. இடது கை உடனே போய்க் கம்பியைப் பிடித்தது. ‘டக்.’ நிறுத்திவிட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முன்னால் வந்து மண்டி போட்டு உட்கார்ந்தேன். “தரை இப்படியே மட்டமா இருக்கட்டுமாங்க?”

ஒன்றரை வருடத்தில் எதைக் கேட்டாலும் அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன மனுஷர். அதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மேஸ்திரிக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும், “இன்னாமா விளையாடுறீங்களா? இப்பத்தான மட்டம் பண்ணிக் குட்த்தேன்,” என்று கத்தினார். மறுபடியும் வாட்டம் வேண்டும், நாலு மீட்டர் எண்பதுக்கு எட்டு சென்டிமீட்டர், ஒரு நூல்கூடக் குறையக் கூடாது என்றேன். அவர் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குப் பின்னால் ‘டக்’ என்று பிரேக் எடுக்கும் சத்தம் கேட்டது.